மூன்று விரல் பாடம்
கேள்வி – பதில்

31 வருடம் அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது சனிக்கிழமைதோறும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில், மருத்துவத் துறைக்கு வர ஆசைப்படும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளோடு உட்காருகிறேன். அந்த அனுபவத்தைப் பற்றி எழுதியதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் பற்றி ஒன்றும் தெரியாது. என்னால் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன உதவி செய்ய முடியும் சிஸ்டர்?
– வாசகர், காரைக்குடி

தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் அல்லவா? பாதி உதவி அதிலேயே முடிந்தது. நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் ஒரு வருடத்தை இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கும். வருமானச் சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கும். வீட்டில் முதல் பட்டதாரி என்பதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றே தெரிந்திருக்காது. ஒரு நோட்டுப் போடுங்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம். எந்தச் சான்றிதழ் இருக்கிறது, எது இல்லை, எந்த விண்ணப்பத்துக்கு எது கடைசி நாள் என்று எழுதுங்கள். தபால்காரர் கையில் கொடுத்த காரியம் தவறாது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

டாக்டர் ஆக வேண்டும் என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்கிறதே, ஏன்?
– தமிழாசிரியை, மன்னார்குடி

பார்த்த வேலைக்குத்தானே பிள்ளை ஆசைப்படும்! காய்ச்சல் என்று போனால் அது பார்ப்பது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் டாக்டரை. ரத்தத்தைச் சோதித்தவரை, எக்ஸ்ரே எடுத்தவரை, மருந்துச் சீட்டில் அளவு சரியா என்று இரண்டு முறை பார்த்தவரை அது கவனிப்பதே இல்லை. அதனால் சனிக்கிழமை வகுப்பில் 'நீ என்ன ஆகப்போகிறாய்' என்று நான் கேட்பதில்லை. 'இதுவரை யார் யார் வேலை செய்வதை நீ நின்று பார்த்திருக்கிறாய்' என்று கேட்கிறேன். பதில் இரண்டு வரியில் முடிந்துவிடும். அந்தப் பட்டியலை நீளமாக்குவதுதான் வழிகாட்டியின் வேலை.

பத்தாம் வகுப்பு முடித்த மகனை எந்த குரூப்பில் சேர்க்கலாம்?
– தந்தை, பல்லடம்

மருத்துவப் பக்கம் போக எண்ணம் இருந்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருக்கும் குரூப்பை விட வேண்டாம். இரண்டு மனமாக இருக்கிறான் என்றால் பயோ-மேத்ஸ். இன்ஜினீயரிங் கதவும் திறந்திருக்கும். கணக்கு என்றாலே அழுகிறான் என்றால் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக வரும் ப்யூர் சயின்ஸ். எதில் சேர்ப்பது என்று பக்கத்து வீட்டில் கேட்கும் முன் ஒரு முறை அவனையே கேட்டுவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் படிக்கிறேன். டாக்டர் ஆகியே தீர வேண்டும். நீட் என்றாலே பயமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்க?
– பிளஸ் ஒன் மாணவி, ஆத்தூர்

பயத்தை எண்ணாக மாற்று பாப்பா, அது சுருங்கிவிடும். மொத்தம் 180 கேள்விகள், 720 மார்க். இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90. அதாவது பாதி மார்க் உயிரியலிலேயே இருக்கிறது. சரியான விடைக்கு 4; தப்பானால் 1 போய்விடும். தெரியாததை விட்டுவிட்டு வருவதும் இந்தத் தேர்வில் ஒரு திறமை. கேள்வித்தாள் தமிழிலும் உண்டு.

பாதிக் கேள்விகள் இப்போது உன் கையில் இருக்கும் பிளஸ் ஒன் பாடத்தை நம்பித்தான் நிற்கின்றன. 'பிளஸ் டூவில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்ட பிள்ளைகள்தான் கடைசியில் திணறுகிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020-ல் வந்த சட்டத்தால் கிடைத்தது. அந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் வந்தாலும் கட்டணத்தை அரசு ஏற்கிறது. எந்த வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தாய் என்பதற்குத் தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்கி வை. வகுப்பு ஒன்று விடாமல் இருக்கட்டும்.

நீட் எழுதாமல் ஆஸ்பத்திரி வேலைக்கு வர வழி இருக்கிறதா? இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள்.
– பிளஸ் டூ மாணவன், கமுதி

இருக்கிறது தம்பி. ஆபரேஷன் தியேட்டரை நினைத்துக்கொள். மேஜையைச் சுற்றி எத்தனை பேர்? மயக்க மருந்துக் கருவிகளைச் சரிபார்த்துத் தயாராக வைப்பவர் தியேட்டர் டெக்னீஷியன். இதய ஆபரேஷன் என்றால், இதயம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் நேரத்தில் வெளியே ஓர் இயந்திரத்தின் வழியாக ரத்தத்தை ஓட்டிக்கொண்டிருப்பவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். அந்த நேரத்துக்கு நோயாளியின் இதயமும் நுரையீரலும் அவர் கையில். ஊரில் எத்தனை பேருக்கு அந்தப் பெயராவது தெரியும்?

பி.எஸ்ஸி. நர்ஸிங் 4 வருடம். நர்ஸிங் டிப்ளமோ 3 வருடம். பி.ஃபார்ம் 4 வருடம், டி.ஃபார்ம் 2 வருடம். லேப், ரேடியாலஜி, டயாலிசிஸ், தியேட்டர், அவசர சிகிச்சை, கண் பரிசோதனை, செவித்திறன்–பேச்சு என்று பட்டப்படிப்புகள் வரிசையாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் நர்ஸிங்குக்கும் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கும் பிளஸ் டூ மார்க்கை வைத்துத் தேர்வுக் குழு கவுன்சலிங் நடத்தி வந்திருக்கிறது. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். நீ சேரும் வருடத்தின் விளக்கக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படி. அண்ணன் சொன்னார், அக்கா சொன்னார் என்று நம்பி விண்ணப்பம் போடாதே.

என் மகன் நர்ஸிங் படிக்கிறேன் என்கிறான். 'ஆம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு' என்று வீட்டில் பேச்சு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– தாய், உசிலம்பட்டி

எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் சிறுநீர் போக முடியாமல் தவிக்கும்போது, பெண் நர்ஸ் டியூப் போட வந்தால் கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அங்கே ஓர் ஆண் நர்ஸ் வந்து, 'தாத்தா, நான் பாத்துக்கறேன்' என்றதும் அவர் தோள் தளர்வதைக் கண்ணால் பார்த்தவள் நான். நோவுக்கு ஆண் பெண் கிடையாது. நோவைப் பார்க்கும் கைக்கு மட்டும் ஏன்? பையனை அனுப்புங்கள் அம்மா.

ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. இந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?
– பிளஸ் ஒன் மாணவன், திருச்செங்கோடு

விடாதே. ரத்தத்தைப் பார்த்ததும் சிலருக்கு நாடியும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும்; மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து கண் இருட்டும். இது உடம்பின் பழக்கம், உன் கோழைத்தனம் கிடையாது. இதற்கு ஒரு பயிற்சி உண்டு. தலை சுற்றுவது போலத் தோன்றியதும் உட்கார். கை, தொடை, வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடி. முகம் லேசாகச் சூடாகும். பிறகு இயல்பாக விடு. அரை நிமிடம் கழித்து மறுபடி. இப்படி ஐந்து தடவை. வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிப் பக்கம் வராதே. முதல் வருடம் மயங்கி விழுந்து, மூன்றாம் வருடம் பிரசவ வார்டில் குழந்தையை ஏந்திய மாணவிகளை எனக்குத் தெரியும்.

நல்ல நர்ஸுக்கு முதலில் வேண்டியது எது?
– வாசகி, கும்பகோணம்

காது.

தமிழ் மீடியத்தில் படிக்கிறேன். மருத்துவப் படிப்பு முழுக்க இங்கிலீஷ் என்கிறார்கள். சமாளிப்பேனா?
– பிளஸ் டூ மாணவி, திருக்கோவிலூர்

மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கம், லத்தீன். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளும் அங்கே வந்து புதிதாகத்தான் படிக்கிறார்கள். வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொள். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. டான்சிலைட்டிஸ், அப்பெண்டிசைட்டிஸ், ஹெப்படைட்டிஸ் மூன்றும் ஒரே குடும்பம். 'நெஃப்ரோ' சிறுநீரகம், 'கார்டியோ' இதயம். ஒரு நாளைக்கு ஐந்து சொல் என்று வைத்துக்கொண்டால் வருடத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடுவாய்.

மருத்துவத்தைத் தமிழில் படிக்க முடியுமா என்ற கேள்விக்கும் 19-ம் நூற்றாண்டிலேயே பதில் கிடைத்துவிட்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர், மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

நோயாளி என்ன மொழியில் பேசுகிறார் என்பதையும் யோசித்துப் பார். 'நெஞ்சு கரிக்குது' என்பதும் 'நெஞ்சை அடைக்குது' என்பதும் வேறு வேறு. முதலாவதைக் கேட்டால் என்ன சாப்பிட்டார் என்று கேட்கத் தோன்றும். இரண்டாவதைக் கேட்டால் ஈ.சி.ஜி. எடுக்க ஓட வேண்டும். அந்த வித்தியாசம் உனக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

எங்கள் பள்ளி என்.எஸ்.எஸ். மாணவர்களை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஆசை. எப்படி ஏற்பாடு செய்வது?
– முதுகலை ஆசிரியர், சங்கரன்கோவில்

அருமையான எண்ணம் சார். முதலில் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் விண்ணப்பம், பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம். ஒரு தடவைக்கு ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம்; ஐம்பது பேர் போனால் அது திருவிழா. தலைமுடியைக் கட்டி, நகம் வெட்டி, மூடிய செருப்பு போட்டு வரட்டும். போன் பள்ளியிலேயே இருக்கட்டும். நோயாளியின் பெயரோ நோயோ வாசலைத் தாண்டக் கூடாது. அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. சளி, காய்ச்சல் இருக்கும் பிள்ளை அன்றைக்கு வர வேண்டாம். தொற்றுநோய் வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு பக்கம் போக வேண்டாம்.

எல்லாவற்றையும் சுற்றிக் காட்டாதீர்கள். ஓர் இடம், ஒரு மணி நேரம் போதும். சென்ற வருடம் என் பிள்ளைகள் ஆறு பேரை ஒரு டயாலிசிஸ் பிரிவில் நிறுத்தினேன். டெக்னீஷியன் தம்பி, படுத்திருந்த அண்ணனிடம் 'பசங்க பாக்கலாமா அண்ணே' என்று அனுமதி கேட்டார். தலையாட்டியதும், முழங்கைக்குக் கீழே புடைத்திருந்த ரத்தக்குழாயின் மேல் தன் விரல்களை மெல்ல வைத்துக் கண்ணை மூடினார். பிள்ளைகள் திகைத்துப் பார்த்தார்கள். ரத்தக்குழாய்கள் இரண்டை ஆபரேஷன் செய்து இணைத்த இடம் அது. ரத்தம் ஒழுங்காக ஓடினால் விரலுக்குப் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு தெரியும். அதிர்வு இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் இரண்டு ஊசிகளையும் ஏற்றினார். ஒரு முறை டயாலிசிஸ் ஓட நான்கு மணி நேரம் ஆகும். அதற்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரின் தரத்தையும் அவர்தான் கவனிக்கிறார்.

வெளியே வந்ததும் ஒரு பையன் கேட்டான்: 'அவர் டாக்டரா டீச்சர்?' இல்லை என்றேன். பஸ் ஸ்டாப் வரை பேசாமல் வந்தவன், 'அந்தப் படிப்புக்குப் பேர் என்ன' என்றான். திரும்பி வந்த பிறகு அரை மணி நேரம் பேச விடுங்கள். பார்த்தது அப்போதுதான் மனதில் இறங்கும்.

உங்கள் வகுப்பில் முதல் பாடம் எது?
– சுகாதார ஆய்வாளர், திருத்துறைப்பூண்டி

நாடி பார்ப்பது. ஊசி கிடையாது, கருவி கிடையாது, காசு கிடையாது. பக்கத்தில் இருக்கும் தோழியின் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் வைக்கச் சொல்வேன். கட்டைவிரலை வைக்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு இருப்பதால் தன் நாடியை எண்ணி அடுத்தவர் கணக்கில் எழுதிவிடுவார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம். 60-க்கும் 100-க்கும் நடுவே இருந்தால் பொதுவாகச் சரி.

அழுத்திப் பிடித்தால் துடிப்பு நின்றுபோகும். சும்மா வைத்தால் தெரியவே தெரியாது. எவ்வளவு அழுத்தினால் இன்னோர் உடம்பு பேசும் என்பது விரலுக்குப் புரிய வேண்டும். அந்த ஒரு நிமிடம் நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். கிடைக்கவில்லை என்று கண் கலங்கிய பெண்ணுக்கு, நான் அவள் விரல் மேல் என் விரலை வைத்துக் காட்டினேன். 'கிடைச்சிருச்சு டீச்சர்' என்று கத்தினாள்.

தொடுவதற்கு முன் ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒரே பெஞ்சில் பத்து வருடமாக உட்காரும் தோழியாக இருந்தாலும், 'உங்க பேர் என்ன? நாடி பாக்கட்டுமா?' என்று கேட்டுவிட்டுத்தான் கையைப் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். பெயர் மாறி ஊசி போட்டால், பெயர் மாறி ரத்தம் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும்.

ஆறு மாதத்தில் நர்ஸ் ஆகலாம், உடனே வேலை என்று எங்கள் ஊரில் ஒரு விளம்பரம். சேரலாமா?
– பெண்ணின் அண்ணன், அரியலூர்

வேண்டவே வேண்டாம். என்னிடம் படித்த ஒரு பெண்ணை இப்படி ஓர் இடத்தில் சேர்த்துவிட்டார்கள். அவள் அம்மா தோட்டை அடகு வைத்துக் கட்டிய பணம். வெள்ளை யூனிஃபார்ம் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழை வைத்து நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியவில்லை. பதிவு இல்லாதவர் நர்ஸ் ஆக முடியாது. நான் முன்னாடியே அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்; அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பணம் கட்டும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்பை அங்கீகரித்த கவுன்சில் எது? எந்தப் பல்கலைக்கழகம் அல்லது தேர்வு வாரியம் பரீட்சை நடத்துகிறது? பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? பதில் சொல்லும்போது பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிநாட்டில் குறைந்த செலவில் எம்.பி.பி.எஸ். என்கிறார்களே?
– தந்தை, ஓசூர்

செலவை மட்டும் கேட்காதீர்கள், விதியையும் கேளுங்கள். நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதம், அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி, பாடம் ஆங்கிலத்தில். திரும்பி வந்து இங்கே ஒரு தகுதித் தேர்வும் எழுத வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பட்டம் கையில் இருக்கும், தொழில் இருக்காது.

மகளுக்கு நல்ல மார்க். டாக்டராக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கனவு. அவளோ வரலாறு படிக்கிறேன் என்கிறாள். நீங்கள் பேசிப் பார்ப்பீர்களா?
– தந்தை, திண்டுக்கல்

பேசுகிறேன் ஐயா, உங்களிடம். விருப்பமில்லாமல் வந்தவர் கையில் மாட்டும் நோயாளியை நினைத்துப் பாருங்கள். அது நாளைக்கு நீங்களாகவும் இருக்கலாம். பிள்ளை வரலாறு படிக்கட்டும்.

யாரைப் பற்றிப் படிக்கச் சொல்வீர்கள்?
– நூலகர், புதுக்கோட்டை

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாமே. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டும் படித்த கல்லூரியில் இடம் கேட்டுப் படித்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அடுத்து மதுரை டாக்டர் வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும், அந்த விரல்களாலேயே கண் ஆபரேஷன் செய்யப் பழகியவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே கிராமத்துப் பெண்களுக்குப் பள்ளி முடித்ததும் இரண்டு வருடம் பயிற்சி கொடுத்துக் கண் பரிசோதனைக்கும் தியேட்டர் வேலைக்கும் எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் வேண்டியதை அந்தப் பெண்கள் பார்த்துக்கொள்வதால்தான் ஒரு டாக்டரால் ஒரே நாளில் அத்தனை பேருக்குப் பார்வை கொடுக்க முடிகிறது. டாக்டர் பெயர் ஊருக்குத் தெரியும். அந்தப் பெண்களின் வேலையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நீட் ரிசல்ட் வந்ததிலிருந்து மகன் அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாடும் சரியில்லை. என்ன செய்வது சிஸ்டர்?
– தாய், வேலூர்

இந்தப் பத்தியை முடிக்கும் முன் அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள் அம்மா. அறிவுரை வேண்டாம், 'அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்றுகூட இன்று சொல்ல வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க் நிச்சயமாக வேண்டாம். தட்டில் சோறு போட்டு, நீங்களும் அவனோடு சாப்பிடுங்கள். 'சாகலாம் போல இருக்கா' என்று நேராகக் கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, இருந்தால் வெளியே வரும். 104-ஐக் கூப்பிடுங்கள், அல்லது டெலி மானஸ் 14416. மனநல ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள். இரவில் அவனைத் தனியே விடாதீர்கள்.

வழிகாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ரிசல்ட் வரும் நாளில், மார்க் வாங்கிய பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லும் முன், வாங்காத பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள்.

எத்தனை நாள் ஒரு பிள்ளைக்கு வழிகாட்ட வேண்டும்?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

கல்லூரியில் சேர்ந்த பிறகு முதல் ஆறு மாதம் வரை விடாதே. ஊரை விட்டு ஹாஸ்டலுக்குப் போன பிள்ளை 'திரும்பி வந்துடவா' என்று போன் செய்வது அந்த ஆறு மாதத்தில்தான். நீ எடுக்கும் ஒரு போனில் ஒரு படிப்பு தப்பிக்கும்.

இவ்வளவு சனிக்கிழமைகளைக் கொடுத்தீர்களே, உங்களுக்கு என்ன கிடைத்தது?
– வாசகர், தென்காசி

போன மாதம் சர்க்கரை டெஸ்ட்டுக்காக ஓர் அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். ரத்தம் எடுக்கும் ஜன்னலில் கை நீட்டினால், உள்ளே லேப் டெக்னீஷியனாக உட்கார்ந்திருந்தது, அன்றைக்கு நாடி கிடைக்கவில்லை என்று கண் கலங்கிய பெண். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. 'டீச்சர்!' என்று எழுந்தாள். பிறகு உட்கார்ந்து, கையுறையை மாட்டி, சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

'உங்க பேர் என்ன? ரத்தம் எடுக்கட்டுமா?'

சொன்னேன். சீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் என் கையைத் தொட்டாள்.